கடைமடைக்கு எட்டாத ரத்தம்

1715 ஆகஸ்டில் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கு இடது காலில் வலி கண்டது. 72 ஆண்டுகளாக அரியணையில் இருந்தவர், வயது 76. அரண்மனைத் தலைமை மருத்துவர் ஃபகோன், இது இடுப்பிலிருந்து இறங்கும் நரம்பு வலி என்று சொல்லிவிட்டார். சில நாளில் காலில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. கழுதைப்பால் குடிக்கக் கொடுத்தார்கள். மூலிகை ஊறிய பர்கண்டி ஒயினில் காலை ஊறவைத்தார்கள். கடைசியில் அறுவை மருத்துவர்கள் கத்தி வைத்துப் பார்த்தபோது, அழுகல் எலும்புவரை போயிருந்தது. 77-ஆவது பிறந்த நாளுக்கு நான்கு நாள் இருக்கையில், செப்டம்பர் 1-ஆம் தேதி, மன்னர் இறந்தார். அடைத்தது வருடக்கணக்கில் தடித்து வந்த தமனியா, இதயத்திலிருந்து கிளம்பி வந்த ரத்தக்கட்டியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஃபகோனை இன்று கேலி செய்வது சுலபம். ஆனால் கால்வலி என்று வருகிறவரிடம் ‘வாயுப் பிடிப்பு’, ‘நரம்புத் தளர்ச்சி’, ‘வயசானா அப்படித்தான்’ என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம் ஊரிலும் ஒழிந்தபாடில்லை. இத்தனைக்கும் கால் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் அழுகுவதில்லை. சிலருக்கு வருடக்கணக்கில் தவணை கொடுக்கிறது. சிலருக்குச் சில மணி நேரம்தான். இந்த இரண்டில் எது தன் காலில் நடக்கிறது என்று தெரியாமல் போவதால்தான் பலர் காலை இழக்கிறார்கள்.

ரத்தம் வராவிட்டால் சதை ஏன் சாகிறது? ஒவ்வொரு உயிரணுவின் சவ்விலும் ஓயாமல் இயங்கும் நுண்ணிய இறைப்பான்கள் உண்டு. உள்ளே கசியும் சோடியத்தை வெளியே தள்ளுவதும் பொட்டாசியத்தை உள்ளே இழுப்பதும் அவற்றின் வேலை. அதற்கான ஆற்றலை ஏ.டி.பி. என்ற மூலக்கூறு தருகிறது. அதைத் தாராளமாகத் தயாரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் நின்றதும் உயிரணு கைவசமுள்ள சர்க்கரையை அரைகுறையாக உடைத்துச் சமாளிக்கப் பார்க்கிறது. லாக்டிக் அமிலம் சேர்கிறது. இறைப்பான்கள் நிற்கின்றன. சோடியமும் அதன் பின்னாலேயே தண்ணீரும் நுழைய, உயிரணு உப்புகிறது. கால்சியம் உள்ளே பெருகி நொதிகளைக் கிளப்பிவிட, அவை உயிரணுவின் சொந்தப் புரதங்களையே அரிக்கத் தொடங்குகின்றன. சவ்வு கிழிந்த பிறகு ரத்தம் வந்தும் பிரயோஜனமில்லை.

எல்லா உறுப்புக்கும் ஒரே கெடு கிடையாது. மூளை நான்கைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. இதயத் தசையில் இருபது, முப்பது நிமிடத்தில் சாவு தொடங்கி, உள் அடுக்கிலிருந்து வெளி அடுக்குக்குப் பரவும். கால் தசை ஏறத்தாழ ஆறு மணி நேரம் பொறுக்கும். தோல் அதற்கும் மேலே. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது: தோல் பார்க்க நன்றாயிருக்கும்போதே அடியில் தசை செத்துக்கொண்டிருக்கலாம்.

விரல் நுனி ஏன் முதலில் கறுக்கிறது என்பதைக் காவிரிப் பாசனத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் வரத்து குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. இதயத்திலிருந்து பார்த்தால் உடம்பின் கடைமடை கால்விரல்தான்.

முதலில் வருடக்கணக்கில் நடப்பதைப் பார்ப்போம். தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகிக்கொண்டே வருகிறது. உட்கார்ந்திருக்கும்போது காலுக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். அதனால் ஒன்றும் தெரியாது. நடக்கும்போது தசை பல மடங்கு கேட்கிறது, குறுகிய குழாயால் கொடுக்க முடிவதில்லை. கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது, மறுபடி அதே தூரம் நடந்ததும் பிடிக்கிறது. மூட்டு வலிக்கும் நரம்பு வலிக்கும் இப்படி அளந்து வைத்த ஒழுங்கு இருக்காது. அடுத்த கட்டத்தில் படுத்தாலே பாதம் எரியும். நோயாளி நடுராத்திரியில் எழுந்து காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போடுவார். புவியீர்ப்பு கொஞ்சம் ரத்தத்தைக் கீழே இழுத்துக் கொடுப்பதால் வலி தணியும். நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறவர்களும் உண்டு. இந்தக் கட்டத்தில் வீட்டார் தலைமாட்டில் தைலப் புட்டிதான் வைக்கிறார்கள்.

மருத்துவர் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பாதத்தின் மேற்புறத்தில் ஒரு நாடி, உள்கணுக்காலின் பின்னால் ஒரு நாடி. இரண்டையும் விரலால் தேடுவார். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் பாதம் வெளுக்கும். தொங்கவிட்டால் அடர்சிவப்பாக மாறும். பிறகு கணுக்காலில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, பேனா அளவுள்ள டாப்ளர் கருவியை வைத்து, ‘உஷ், உஷ்’ என்ற ஓசை எந்த அழுத்தத்தில் திரும்ப வருகிறது என்று கேட்பார். அதைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். ஒன்றை ஒட்டி இருந்தால் சரி. 0.9-க்குக் கீழே போனால் தமனி அடைப்பு. 0.4-க்கும் கீழே என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது. சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்குச் சுண்ணாம்பு படிந்த தமனி பட்டைக்கு நசுங்காது. அதனால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்ப்பதுண்டு.

வயதானவர்கள் விவகாரம் என்று இளைஞர்கள் இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிடக் கூடாது. 1908-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் லியோ பியூர்கர் என்ற மருத்துவர், வெட்டி எடுக்கப்பட்ட 11 கை கால்களை ஆராய்ந்து ஒரு நோயை விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. இதில் கொழுப்புப் படிவதில்லை. சிறிய, நடுத்தர ரத்தக்குழாய்கள் அழன்று, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கின்றன. வருவது பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு. அவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று புகையிலை. மேலை நாடுகளில் அரிதாகிவிட்ட இந்த நோயைத் தெற்காசிய மருத்துவமனைகள் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இங்கே பீடி அதன் பெரிய துணை. கால்விரலில் ஆறாத புண்ணோடு வருகிற முப்பது வயது லாரி ஓட்டுநருக்கோ கட்டடத் தொழிலாளிக்கோ எழுதிக் கொடுக்க அற்புத மாத்திரை ஏதுமில்லை. சதை சாவதற்கு முன்பே புகையிலையை அடியோடு விட்டவர்கள் பெரும்பாலும் காலைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். தினம் ஒன்றிரண்டு என்று குறைப்பதால் நோய் அடங்குவதில்லை. வாயில் அடக்கும் புகையிலையும் அதே வேலையைச் செய்யும்.

சர்க்கரை நோயாளியின் கதி இன்னும் சிக்கலானது. அவருக்கு ரத்த ஓட்டமும் குறைகிறது, உணர்ச்சியும் போகிறது. முள் குத்தினால் தெரியாது. செருப்பு கடித்தால் தெரியாது. மத்தியான வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்தரையைச் சுற்றி வந்துவிட்டு, வீட்டில் வந்து பார்த்தால் பாதம் கொப்பளித்திருக்கும். மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது அக்கறையில் செய்யும் பெரிய கெடுதல். சூடு தெரியாததால் தோல் வேகும். சூடேறிய சதை கூடுதல் ஆக்சிஜன் கேட்கும், அடைபட்ட குழாயால் அதைக் கொடுக்க முடியாது.

இந்த மரத்துப்போன பாதத்தைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டதில் ஒரு பெரும் பகுதி வேலூரில் பிறந்தது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்று தேடினார். நோய் விரலைத் தின்பதில்லை; வலி தெரியாததால் நோயாளியே அறியாமல் அதைச் சிதைத்துக்கொள்கிறார் என்று நிறுவினார். நமக்கெல்லாம் ஒரே இடத்தில் அழுந்தினால் கால் தானாக நகரும், நடை தானாக மாறும். வலி தெரியாதவர் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப மிதிப்பார். அழுத்தம் நீடித்தால் நுண்குழாய்கள் மூடிக்கொள்ளும், அந்த இடம் சாகும். படுக்கையில் கிடப்பவருக்கு வரும் படுக்கைப்புண்ணும் இதே கணக்குத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது அதற்காக. வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் இந்த அறிவிலிருந்து எம்.சி.ஆர். செருப்பு வந்தது: நுண்துளை ரப்பரில் மெத்தென்ற உட்பாகம், கழலாமல் இருக்கப் பின்பட்டை, ஆணி அறவே கூடாது. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது இந்த அனுபவம் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பயன்பட்டது. இன்று தமிழ்நாட்டுச் சர்க்கரை நோய் மையங்களில் பாதத்தில் ஒரு நைலான் இழையைக் குத்தி, ‘தெரியுதா?’ என்று கேட்கிறார்களே, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த இழைச் சோதனை பரவியதிலும் கார்விலுக்குப் பங்கு உண்டு.

கறுத்துவிட்ட விரலில் இரண்டு விதம் உண்டு. ரத்தம் மெல்ல மெல்ல நின்றால் விரல் காய்ந்து, சுருங்கி, கரியாகும். உயிருள்ள தோலுக்கும் செத்த தோலுக்கும் நடுவில் தெளிவாக ஒரு கோடு விழும். இது உலர்ந்த அழுகல், அவசரம் குறைவு. கிருமி புகுந்துவிட்டால் வீங்கி, நாற்றமெடுத்து, கோடு கீடு இல்லாமல் மேலே ஏறும். இந்த ஈர அழுகல் ரத்தத்தில் நச்சைக் கலந்து ஆளையே கொல்லும். இதில் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

அடைப்பை எடுத்தால் கால் பிழைக்குமே, வெட்டுவானேன் என்ற கேள்வியைச் செயலில் கேட்டவர் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரி 16 அன்று ஓரிகன் மாநிலம் போர்ட்லாண்டில் அவர் முன் படுத்திருந்தவர் 82 வயது மூதாட்டி. பாதத்தில் அழுகல், தாங்க முடியாத வலி. காலை எடுத்துவிடலாம் என்றார்கள் அறுவை மருத்துவர்கள், மூதாட்டி சம்மதிக்கவில்லை. டாட்டர் தொடைத் தமனியில் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று பருமனான டெஃப்லான் குழாய்களை நுழைத்து, குறுகிய இடத்தை விரித்தார். பாதம் சூடேறியது. வலி அடங்கியது. மூதாட்டி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், இறக்கும்வரை, தன் இரண்டு காலிலும் நடந்தார். அமெரிக்க அறுவை மருத்துவர்கள் டாட்டரைக் கிறுக்கன் என்றார்கள், ஐரோப்பியர்கள் கற்றுக்கொண்டார்கள். சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் குழாயின் நுனியில் பலூனைப் பொருத்தி, 1974-இல் கால் தமனியையும் 1977-இல் இதயத் தமனியையும் விரித்தார். இன்று ‘ஆஞ்சியோ பண்ணி பலூன் வெச்சாங்க’ என்று டீக்கடையில் பேசப்படும் சிகிச்சையின் தொடக்கம், இதயத்தில் இல்லை, ஒரு பாட்டியின் காலில்.

இனி, மணிக்கணக்கில் நடப்பது. நேற்றுவரை நன்றாக நடந்தவருக்குத் திடீரென்று ஒரு கால் கொல்லும் வலி. தொட்டால் சில்லென்றிருக்கிறது, வெளுத்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகிறது. விரலை அசைக்க வரவில்லை. இது பெரும்பாலும் இதயத்தில் உருவான கட்டி, ரத்த ஓட்டத்தோடு அடித்து வரப்பட்டுக் கால் தமனி கிளை பிரியும் இடத்தில் சிக்கிக்கொண்டது. இதயத் துடிப்பு தாளம் தவறும் முதியவர்களுக்கும், சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய இளைஞர்களுக்கும் இப்படி நேரும். காலையில் போகலாம் என்று காத்திருந்தால் அந்த ஆறு மணி நேரம் தூக்கத்திலேயே போய்விடும்.

1960-கள்வரை இதற்குப் பெரிய அறுவைதான் வழி. பலருக்குக் காலும் போகும், உயிரும் போகும். சின்சினாட்டியில் மருத்துவம் படித்த தாமஸ் ஃபோகர்ட்டி, மெல்லிய குழாயின் நுனியில் அறுவைக் கையுறையின் விரல் நுனியை வெட்டிக் கட்டினார். மீன்பிடித் தூண்டிலுக்குப் போலிப் பூச்சி கட்டிப் பழகிய கை அது. சுருங்கிய நிலையில் குழாயைக் கட்டிக்கு அப்பால் தள்ளி, அங்கே ஊதி, மெல்ல வெளியே இழுத்தால் கட்டியும் கூடவே வந்துவிடும். 1963-இல் வெளியான இந்த முறைக்குத் தொடையிடுக்கில் ஒரு சிறு கீறல் போதும்.

தாமதமாக ஓட்டத்தைத் திறந்துவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. 1940-இல் லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியபோது, இடிபாட்டில் கால் நசுங்கிப் பல மணி நேரம் கிடந்தவர்கள் மீட்கப்பட்டபின் தேறுவதுபோல் தெரிந்து, சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். எரிக் பைவாட்டர்ஸ் 1941-இல் இதை விவரித்தார். செத்த தசையிலிருந்து கசிந்த சிவப்புப் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. பொட்டாசியம் இதயத்தை நிறுத்துகிறது. நேரங்கடந்து திறந்த காலிலும் இதே கசிவு நடக்கும். வீங்கும் தசைக்கு இடம்விட அதன் உறையை நீளமாகக் கீறிவைப்பதும் உண்டு.

அதே லண்டன், அதே மாதங்கள், வேறொரு சாவு. நிலத்தடிப் பதுங்கிடங்களில் ஜனங்கள் இரவெல்லாம் கித்தான் மடக்கு நாற்காலிகளில் தூங்கினார்கள். முன்பக்கக் கட்டை தொடையின் பின்புறத்தை அழுத்திக்கொண்டே இருந்தது. காலையில் எழுந்து நடந்தவர்களில் சிலர் சுருண்டு விழுந்தார்கள். தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் பிணப் பரிசோதனையில் நுரையீரல் தமனியை அடைத்திருந்த கட்டிகளைக் கண்டு, 1940-இலேயே லான்செட் இதழில் எழுதினார். நாற்காலிகளுக்குப் பதில் அடுக்குக் கட்டில்கள் வேண்டும் என்பது அதன் சாரம்.

இவை தமனியில் உருவான கட்டிகள் இல்லை. காலின் ஆழத்தில் ஓடும் சிரைகளில் உறைந்தவை. காலை அழுக வைப்பது இவற்றின் வழக்கமில்லை, அது மிக அரிது. ஒரு கால் மட்டும் வீங்கும், கெண்டைக்கால் வலிக்கும். கட்டி பெயர்ந்தால் நேரே நுரையீரல். இது சாத்தியம் என்று காட்டியவர் பெர்லினின் ருடோல்ஃப் விர்ச்சோ. 1840-களில் நாய்களின் கழுத்துச் சிரையில் ரப்பர் துண்டுகளைப் போட்டு, அவை நுரையீரலில் போய்ச் சிக்குவதைக் கண்டார். ஓட்டம் தேங்குவது, குழாய்ச் சுவர் புண்படுவது, ரத்தமே உறையும் குணத்துக்கு மாறுவது: உறைவுக்கான காரணங்களை மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயரிலேயே ஒப்பிக்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிவு, பிரசவம், புற்றுநோய், பெரிய அறுவை ஆகியவற்றில் இந்தக் காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. லண்டனில் பணியாற்றிய இந்திய வம்சாவளி அறுவை மருத்துவர் விஜய் கக்கர் தலைமையில் 4,000-க்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 1975-இல் முடிவு வெளியானது. உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைக் குறைந்த அளவில் போட்டவர்களில் நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள் இரண்டு பேர். போடாதவர்களில் 16 பேர்.

ஊசி இல்லாமலும் செய்ய வேண்டியது உண்டு. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரை ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. சிசேரியன் முடிந்த பெண்ணைச் சீக்கிரமே எழுப்பி நடக்கச் சொல்வது அதற்காகத்தான். ‘பச்சை உடம்பு, நடக்க விடாதே’ என்று தடுக்கும் பாசம் இங்கே உதவாது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் உறைவு வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. அப்படியும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பயந்து பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. கணுக்காலை மடக்கி நீட்டினால், அவ்வப்போது எழுந்து நடந்தால் போதும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் இறுக்கமான காலுறையைத் தானாக வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. சிரை வீக்கத்துக்குக் காலை உயர்த்துவதும் இறுக்குவதும் நல்லது. தமனி அடைப்புக்கு இரண்டும் கெடுதல்.

நீண்ட நாள் சாப்பிடும் உறைவுத் தடுப்பு மாத்திரையின் கதை மாட்டுத் தொழுவத்தில் ஆரம்பிக்கிறது. 1920-களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் மாடுகள் காரணமின்றி ரத்தம் கசிந்து செத்தன. பூசணம் பிடித்த இனிப்பு குளோவர் தீவனம்தான் காரணம் என்று கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் கண்டறிந்தார். 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், செத்த கிடாரியையும் உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் 300 கி.மீ. வண்டியோட்டி மேடிசன் நகருக்கு வந்தார். சனிக்கிழமை, கால்நடை மருத்துவ அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்தது கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகம். குற்றவாளி மூலக்கூறான டைகூமராலைப் பிரித்தெடுக்க லிங்க் குழுவுக்கு ஆறு வருடம் ஆனது. அதன் வலுவான உறவான வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1951-இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஓர் இளைஞர் தற்கொலைக்காக அதைத் தின்று, வைட்டமின் கே சிகிச்சையில் பிழைத்தார். மாற்று மருந்து கையில் இருக்கும் நஞ்சை மனிதருக்கும் அளந்து கொடுக்கலாம் என்ற துணிச்சல் பிறந்தது. 1954-இல் அனுமதி. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் கொடுத்தார்கள்.

இந்த மாத்திரையால் ரத்தம் தண்ணீராகிவிடுவதில்லை. உறைவுக்கு வேண்டிய சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். மருந்து அதை முடக்குகிறது. நம் ஊரில் இதே இனத்து அசினோகூமரால் அதிகம் புழங்குகிறது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு, திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வு உட்பட, ஆயுள் முழுக்க இந்த வகை மாத்திரைதான். 2010 வாக்கில் வந்த டாபிகாட்ரான் போன்ற புதிய மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாது. மற்ற பலருக்கு அவை வசதி, ஐ.என்.ஆர். பார்க்க அடிக்கடி லேப்புக்கு அலைய வேண்டியதில்லை.

ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய எத்தனை மடங்கு தாமதமாகிறது என்று காட்டும் எண். பலருக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். சில வால்வுகளுக்குச் சற்று மேலே. முருங்கைக்கீரையிலும் மற்ற கீரைகளிலும் வைட்டமின் கே ஏராளம் என்பதால், ‘கீரையே தொடக்கூடாது’ என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அது தேவையில்லை. வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடுகிறவர் அப்படியே சாப்பிடலாம். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் தினமும் சாப்பிட்டால்தான் எண் தடுமாறும். வலி மாத்திரையும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் நாட்டு மருந்துகளும் இந்த மருந்தோடு மோதும். பல் பிடுங்கப் போகிறவர் முதலில் இதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ‘ரத்தம் நிக்காதே’ என்ற பயத்தில் தானாகவே நான்கு நாள் மாத்திரையை நிறுத்தி, வால்வில் கட்டி பிடித்து, பக்கவாதத்தோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களை இதய மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள்.